பிறர் வீட்டில் விளக்கேற்றுதல்

நாங்கள் செய்துவரும் காரியத்துக்குத் தமிழில் சரியான பெயர் இல்லை. 'வீட்டுக்காவல்' என்று சொல்லலாம்தான். ஆனால் அரசியல் தலைவர்களை அடைத்துவைப்பதற்கென்று அந்தச் சொல்லை நாளிதழ்கள் நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன. 'வீடு பார்க்கப் போகிறோம்' என்றால் வாடகைக்கா, விலைக்கா என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போகிறவர்களின் வீட்டில் அவர்கள் திரும்பும்வரை தங்கியிருந்து, நாய்க்குச் சோறிட்டு, செடிக்கு நீரூற்றி, அந்தியில் விளக்கேற்றிவைப்பதுதான் காரியம். ஓய்வுபெற்றபின் கணவனும் மனைவியுமாக நாங்கள் சென்னையிலும் அதன் புறநகரிலும் நண்பர்களின் வீடுகளில் இப்படி இருந்துவருகிறோம்.

பெயர் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு வீடு காலியாவதே அரிது. எல்லோரும் கல்யாணத்துக்குக் கிளம்பினாலும் ஒரு பாட்டியோ அத்தையோ வீட்டில் இருப்பார்; அவரும் இல்லையென்றால் எதிர்வீட்டுப் பையன் இரவில் துணைக்குப் படுத்துக்கொள்ள வருவான். இன்று பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கென்று அமெரிக்கா செல்லும் பெற்றோருக்கு அங்கே பெரும்பாலும் 6 மாதம் வரை தங்க அனுமதி கிடைக்கிறது. விமானக் கட்டணத்தை உத்தேசித்து அதை முழுமையாகப் பயன்படுத்தவே அவர்கள் விரும்புகிறார்கள். பூட்டிய வீட்டைத் தூசியும் கரையானும் பார்த்துக்கொள்ளும். நாயைப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

பல வீடுகளில் இருந்து பார்த்தபின் எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: நம்மிடம் ஒப்படைக்கப்படுவது அந்த வீட்டின் அன்றாடம். எந்தச் சன்னல் எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த நாற்காலி யாருடையது, இரவில் எந்த விளக்கு கடைசியாக அணையும் என்பவற்றாலான ஒரு நூல் அது. நாம் இருக்கும் நாட்களில் அது அறுந்துவிடக் கூடாது, நம்முடையதாகிவிடவும் கூடாது. கீழே எழுதுவன எல்லாம் அதற்கு நாங்கள் கைக்கொள்ளும் வழிமுறைகள். இதைப் படிக்கும் நண்பர்கள் பலருக்கும் என்றாவது ஒருநாள் இப்படியொரு சாவி கைக்கு வரக்கூடும்.

முதலாவதாக, வீட்டுக்காரர்கள் கிளம்புவதற்கு முன், அவர்கள் இருக்கும்போதே ஒரு முழுநாள், விடியற்காலை முதல் இரவு விளக்கணைக்கும்வரை அங்கே இருந்துவிட வேண்டும். பட்டியல் எழுதித் தருகிறோம் என்பார்கள். வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது போதாது. தினமும் செய்வதை மனிதர்கள் கவனிப்பதில்லை. ஒரு வீட்டு அம்மையார், நாய்க்குக் காலை எட்டு மணிக்குச் சோறு என்று எழுதியிருந்தார். நாங்கள் போயிருந்த அன்று பார்த்தால், ஏழேகாலுக்கு அடுப்பிலிருந்து இறங்கிய முதல் தோசையைப் பாதியாகக் கிள்ளி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டுகிறார். நாய் அந்த நேரத்துக்குச் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "இதை நீங்க எழுதலையே" என்றோம். "அட, நான் குடுக்கிறேனா என்ன?" என்று அவரே வியந்தார். அந்த அரைத் தோசைதான் அந்த நாயின் காலை. அது தெரியாதிருந்தால், எட்டு மணிச் சோற்றை அது தொடாதபோது நோய் என்றெண்ணி மருத்துவரிடம் ஓடியிருப்போம்.

அன்றே ஒரு நோட்டுப்புத்தகம் போட்டுவிடுவது நல்லது. மெயின் ஸ்விட்ச் எங்கே, மேல்நிலைத் தொட்டி நிறைய மோட்டார் எத்தனை நிமிடம் ஓடவேண்டும், தண்ணீரை நிறுத்தும் வால்வு எது, இன்வெர்ட்டர் பாட்டரிக்குக் கடைசியாக எப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியது, மின் இணைப்பு எண், பால்காரர், குழாய்க்காரர், எலக்ட்ரீஷியன், கால்நடை மருத்துவர், மாடிவீட்டார் என்று எல்லாம் அதில் ஏறவேண்டும். இரண்டு பொது எண்களை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவோம்: சமையல் வாயுக் கசிவுக்கு 1906, மின்தடைக்கும் அறுந்து கிடக்கும் கம்பிக்கும், 2021இல் தொடங்கப்பட்ட மின்னகத்தின் 94987 94987. வாயு வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, நாயையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்தபின்தான் தொலைபேச வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பழகாத சமையலறையில், இருட்டில், கை தானாக ஸ்விட்சைத் தேடிப் போகும்.

நகை, பத்திரம் ஆகியவை குறித்து எங்கள் வழக்கம் கண்டிப்பானது. அவற்றை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடச் சொல்வோம்; வீட்டில் ஏதும் இருந்தால் அது எங்கே இருக்கிறதென்று எங்களிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்வோம். தெரியாதிருப்பது ஒரு பாதுகாப்பு, அவர்களைவிட நமக்கு. பூட்டவேண்டிய அறையை அவர்கள் பூட்டிச் சாவியை உடன் கொண்டுபோவதில் வருத்தப்பட ஏதுமில்லை. அடுக்குமாடியானால் சங்கச் செயலாளருக்கும், தனி வீடானால் இரு பக்கத்து வீட்டாருக்கும் நம்மை நேரில் அறிமுகப்படுத்திவைக்க வேண்டும். விமான நிலையத்தில் எடுத்த படத்தை ஊரறியப் போடுவதைத் திரும்பிவரும்வரை தள்ளிவைக்கும்படி சொல்வதும் தவறில்லை.

புழங்காத அறைகள்தாம் முதலில் கெடும். குளியலறை வடிகுழாயின் வளைவில் எப்போதும் சிறிது நீர் தங்கியிருக்கும். சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுத்து நிற்பது அதுதான். யாரும் பயன்படுத்தாத குளியலறையில் வெயில் காலத்தில் அது வற்றிவிடும். நாற்றத்தோடு கரப்பானும் வரும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஒரு குவளை நீர் ஊற்றினால் போதும். தேங்கக்கூடாத நீரும் உண்டு: பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாளில் அடைந்துவிடும். ஆகவே வாரத்தில் ஒருநாளை இதற்கென்று ஒதுக்கவேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை. அன்றே மர அலமாரிகளின் பின்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுவோம். கரையானின் மண்கோடு விரல்நீளம் இருக்கும்போதே கண்ணில் பட்டால் அதிர்ஷ்டம்.

அந்த வீட்டை நம்மைவிட நன்றாக அறிந்த ஒருவர் தினமும் காலையில் வருவார். பாத்திரம் துலக்கிப் பெருக்கித் துடைக்கும் அந்த அம்மாள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே வருகிறவராக இருக்கலாம். நாம் வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அவருக்கு எஜமானராக முயல்வது மூடத்தனம். அவருடைய சம்பளத்தை மாதவாரியாக உறையிலிட்டு வைத்துவிட்டுப் போகச் சொல்லவேண்டும். ஆளில்லாத வீட்டில் வேலை குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு என்ற யோசனை வீட்டுக்காரருக்கு இருந்தால், அதை அவரே நேரில் பேசி முடித்துவிட்டுக் கிளம்பட்டும். நாங்கள் அந்தத் தூதுக்குப் போவதில்லை. ஒரு வீட்டில் அப்படி வந்த அம்மாள், "நாய் பின்கதவைச் சொரண்டுனா மழை வரப்போவுதுன்னு அர்த்தம்மா, துணியை எடுத்துருங்க" என்றார். இரண்டு முறை சரியாக இருந்தது. நோட்டில் அதையும் எழுதிவைத்தோம்.

நாய்களுக்கு வருவோம். பெட்டி கட்டும்போதே அவற்றுக்குத் தெரிந்துவிடுகிறது. திரும்பி வருவார்கள் என்பதை மட்டும் அவற்றுக்குச் சொல்ல வழியில்லை. முதல் இரண்டு நாள் உணவைத் தொடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். வளர்ந்த, ஆரோக்கியமான நாய் தண்ணீர் குடித்துக்கொண்டு, சோர்ந்து விழாமல் இருந்தால் அஞ்சவேண்டியதில்லை. வீட்டுக்காரர் உடுத்திக் களைந்த, துவைக்காத வேட்டியோ புடவையோ ஒன்றைக் கேட்டு வாங்கி அதன் படுக்கையில் போட்டுவைப்போம். பாசத்தின்பேரில் புதிய தின்பண்டம் எதையும் கொடுப்பதில்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்களுக்கு நஞ்சு. நம் சாம்பார் சாதத்திலும் பாயசத்திலும் இவற்றில் ஏதாவதொன்று இருக்கும். எவ்வளவு சாதுவானாலும் முதல் சில வாரங்கள் சங்கிலி இல்லாமல் அது வாசலைத் தாண்டக்கூடாது. தப்பித்தால் நம்மிடம் திரும்பாது. எஜமானரைத் தேடிப் போகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் நடக்க அழைத்துச் செல்லுமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்துப் பார்க்கவேண்டும். நம் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது. தீபாவளி இரவில் உள்ளறையில், சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியும் வானொலியும் ஓட, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்துப்பட்டையில் ஒரு தொலைபேசி எண் இருப்பது அன்று மிக அவசியம். கடல் கடந்திருப்பவருடைய எண் அங்கே பயன்படாது, நம்முடையது இருக்கவேண்டும். கடியோ கீறலோ பட்டால், தெரிந்த நாய்தானே என்று இராமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பூனை வேறு பிறவி. பெரும்பாலான பூனைகளுக்கு ஆளைவிட இடம்தான் முக்கியம்; ஆகவே அதை நம் வீட்டுக்குக் கொண்டுவருவதைவிட நாம் அங்கே போவதே நல்லது. முதல் நாள் கட்டிலடியில் இருந்தால் இருக்கட்டும். ஆனால் பூனை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் உண்ணாவிட்டால் அதன் கல்லீரல் பழுதாகும் அபாயம் உண்டு; மருத்துவரை அழைத்துவிட வேண்டும். ஆண்பூனை முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வராவிட்டால் மறுநாள்வரை காத்திருக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் ஒரு மாத்திரை போதும், பூனையின் உயிர் போக. பூங்கொத்தில் வரும் லில்லி மலரும் அப்படியே.

மீன்கள் ஒருநாள் பட்டினியால் சாவதில்லை. பார்த்துக்கொள்பவரின் அளவுகடந்த அன்பால் சாவதுண்டு. மிஞ்சிய தீனி அழுகித் தொட்டி நீரைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு நாளுக்கும் உரிய தீனியைச் சிறுசிறு பொட்டலமாக மடித்துத் தரச் சொல்லிவிட்டால் இரண்டாவது சிட்டிகை போடும் ஆசை எழாது. கூண்டில் பச்சைக்கிளி இருந்தால் நாங்கள் மரியாதையாக மறுத்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வளர்ப்பது குற்றம் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையின் தரைத்தள வீடுகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வீட்டை ஏற்பதானால், 2015இல் இங்கே எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கேட்டு, சுவரில் கைவைத்துக் காட்டச் சொல்வோம். அந்த உயரத்துக்கு மேலே எவையெவை, எந்த வரிசையில் போகவேண்டும் என்பது நோட்டில் ஏறும். தண்ணீர் பிளக் பாயிண்டை எட்டுமுன்பே மெயின் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். நாய்க்கு மூன்று நாள் உணவும் மருந்தும் ஒரு பையில், மாடியில் தயாராக இருக்கவேண்டும். வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்துக் கழுவிக் குளோரின் இடாமல் அந்த நீரை மேலே ஏற்றக்கூடாது. மழை வந்தால் நாயோடு மேலே வருவோம் என்று மாடிவீட்டாரிடம் வெயிலடிக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கேட்பது இருவருக்குமே சங்கடம்.

இனி, எல்லோரும் தள்ளிப்போடும் பேச்சு. வயதான பிராணி இருக்கும் வீட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை வாங்காமல் நாங்கள் சாவியை வாங்குவதில்லை. நோய் முற்றினால் எதுவரை வைத்தியம் செய்வது? உங்களைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால் யார் முடிவெடுப்பது? இறந்தால் எங்கே? விடைகளை அவர்கள் கைப்பட எழுதித் தரவேண்டும். மருத்துவரிடமும் அதைச் சொல்லிவைக்க வேண்டும். கிளம்புகிற நேரத்தில் இதென்ன அபசகுனப் பேச்சு என்பார்கள். பொறுத்துக்கொண்டு மறுபடியும் கேட்கவேண்டும்.

மணி பதின்மூன்று வயது லாப்ரடார். நண்பரும் அவர் மனைவியும் நியூ ஜெர்சிக்குக் கிளம்பியபோதே அதற்குச் சிறுநீரகக் கோளாறு தொடங்கி, மருந்தும் தனி உணவுமாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று கேள்விகளையும் வைத்தபோது நண்பர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். அரைமணி கழித்து வந்து, ஒன்றும் பேசாமல் எழுதித் தந்தார்.

ஏழாவது வாரத்தில், ஒரு தை மாதக் காலையில் மணி எழுந்திருக்கவில்லை. இரண்டு நாள் சலைன் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் இரவு மருத்துவர் எங்களை வெளியே அழைத்து, இன்னும் நாலைந்து நாள் இப்படியே வைத்திருக்கலாம், ஆனால் இனி அதற்கு வலியைத் தவிர ஒன்றுமில்லை என்றார். நாங்கள் தொலைபேசியில் அழைத்தபோது இங்கே இரவு 11.30, அங்கே பகல் 1 மணி. நண்பரால் பேச முடியவில்லை. "நீங்க பக்கத்துல இருக்கீங்க. உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செஞ்சிடுங்க சார்" என்றார்.

அதை நாங்கள் ஏற்கவில்லை. பதின்மூன்று ஆண்டு வளர்த்தவர் இருக்க, ஏழு வாரம் சோறிட்டவர்கள் எடுக்கும் முடிவன்று அது. நோட்டைத் திறந்து, அவர் எழுதியிருந்ததை அவருக்கே படித்துக்காட்டினோம். வலி மட்டும்தான் மிச்சம் என்று டாக்டர் சொன்னால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், முடிந்தால் கடைசியில் ஒருமுறை எங்களைப் பார்க்க வையுங்கள், வேப்பமரத்துக்குத் தெற்கே. மூன்றே வரிகள். வெகுநேரம் அந்தப் பக்கத்தில் ஓசையில்லை. பிறகு அவருடைய மனைவி தொலைபேசியை வாங்கினார். "அவர் எழுதினது சரிதான். காலையில டாக்டரை வரச் சொல்லிடுங்க" என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருத்துவர் வீட்டுக்கே வந்தார். அங்கே முந்தைய நாள் இரவு 10.30. கைப்பேசியை மணியின் தலைமாட்டில் சாய்த்துவைத்தோம். நண்பர் பெயர் சொல்லி அழைத்தார். கண் திறக்கவில்லை, இடது காது மட்டும் அசைந்தது. அவருடைய பழைய வேட்டியைச் சுற்றி, வேப்பமரத்துக்குத் தெற்கே நான்கடி ஆழத்தில் புதைத்தோம். மேலே கல் ஏதும் நடவில்லை. அவர் எழுதியிருந்ததில் அது இல்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்பிவந்த அன்று நண்பர் முதலில் மரத்தடிக்குப் போனார். பிறகு உள்ளே வந்து நோட்டைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்களிடம் அவர் எதையும் கேட்கவில்லை. நாங்கள் விளக்கவேண்டியதும் எதுவும் இருக்கவில்லை.

இதைப் படிப்பவர்களுக்கென்றே ஒரு விசேஷ ஆபத்து இருக்கிறது: பிறர் வீட்டுப் புத்தக அலமாரி. நாங்களும் அதற்கு ஆட்பட்டவர்கள்தாம். எடுத்த இடத்தில் ஒரு சீட்டைச் செருகிவைப்பது, வாசற்படியைத் தாண்டிக் கொண்டுபோகாதிருப்பது, சாப்பிடும்போது படிக்காதிருப்பது என்று மூன்று விதிகள் வைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய புத்தகங்களில் பென்சில் அடிக்கோடுகள் இருக்கும். ஓரத்தில் கோபமாக ஒரு வரி இருக்கும். சிலவற்றில் மடித்த கடிதம் இருக்கும். கடிதத்தைப் பிரிக்காமல் அதே பக்கத்தில் வைத்துவிட வேண்டும். அடிக்கோடுகளைக் காணாமலிருக்க முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அந்த நண்பர் எதற்கெல்லாம் கலங்கினார் என்பது அவற்றிலிருந்து தெரிந்துவிடும். தெரிந்ததை அவரிடம் ஒருபோதும் பேசக்கூடாது.

பணத்தைப் பற்றியும் முன்பே பேசிவிடுவது நட்புக்கு நல்லது. நாங்கள் கூலி வாங்குவதில்லை. ஆனால் மின்கட்டணம், பால், பிராணியின் உணவு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் முன்பணம் வாங்கி, ரசீதுகளை நோட்டிலேயே ஒட்டிவிடுகிறோம். கூலி வாங்குவதும் கௌரவமான காரியமே. எவ்வளவு, எப்போது என்பது தெளிவாக இருந்தால் போதும். உடைந்த கோப்பையைப் பற்றி அன்றே சொல்லிவிட வேண்டும்; அது யார் கையில் உடைந்திருந்தாலும்.

கடைசி நாளுக்கு நாங்கள் முதல் நாளைப்போலவே கவனம் செலுத்துகிறோம். படுக்கை விரிப்புகளைத் துவைத்துப் போட்டு, தொட்டியை நிரப்பி, பாலும் தயிரும் வாங்கிவைத்து, ஒரு ரசமும் சாதமும் செய்து மூடிவிடுவோம்; இருபது மணி நேரம் பறந்து வருகிறவர்களுக்கு அதற்குமேல் எதுவும் இறங்காது. நாற்காலிகளைப் பழைய கோணத்தில் திருப்பிவைப்போம். வாசல் விளக்கைப் போட்டு, நாயோடு திண்ணையில் காத்திருப்போம். வண்டி தெரு முனையில் திரும்பும்போதே அதற்குத் தெரிந்துவிடும். சங்கிலியை விட்டுவிடலாம். ஆறு மாதம் நம் காலடியில் படுத்திருந்த நாய் நம்மைத் தாண்டி ஓடும், திரும்பிப் பார்க்காது. அதில் வருத்தம் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அது அப்படி ஓடினால்தான் நாம் வந்த காரியம் ஒழுங்காக முடிந்தது என்று பொருள்.

சாவிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போகலாமே என்பதை மறுத்து, உடனே கிளம்பிவிட வேண்டும். அவர்கள் தங்கள் வீட்டில் தனியாக நுழையட்டும். நம் வீட்டுக்கு வந்தபின் ஒரு வாரம்வரை, எங்களைத் தேடுகிறதா என்று தொலைபேசியில் கேட்காமலிருப்பதும் நல்லது.